ஜஸீலா லாத்தாவின் விமானம் இன்னும் கிளம்பவில்லை

1

இந்தக் கதைக்குக் காரணம் உம்மா கேட்ட ஒரு கேள்வி.

"திருச்சிலேருந்து துபாய் எவ்வளவு தூரம் புள்ள?"

கைபேசியில் தேடினேன். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று வந்தது.

"அதிராம்பட்டினத்துலேருந்து திருச்சி போறதுக்கே மூணு மணி நேரம் ஆவுது. அப்ப துபாய் பக்கந்தான்," என்றார் உம்மா, படுத்தபடியே. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குக் கட்டில்தான். அதனால்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விமானம் மேலே எழும்பியதும் ஜஸீலா ஜன்னலைத் திறந்து

(நிறுத்திவிட்டேன். விமானத்தில் ஜன்னல் திறக்குமா என்று எனக்குத் தெரியாது. ஏறியதில்லை.)

இன்னொன்று:

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பிறகு அவர் வெளிநாடு போவார். மனைவி உம்மா வீட்டிலேயே இருப்பாள். ஆண்களை வழியனுப்ப எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணை எப்படி அனுப்புவது என்று

(கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் இருக்கட்டும்.)

3

ஜஸீலா என் லாத்தா, மூத்தவள். இந்த வருடம் உம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நான் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றும் சொன்னவள். போன வாரம் அவள் மாப்பிள்ளை உபைதுல்லா மச்சான் துபாயிலிருந்து அவளுக்கு விசா அனுப்பினார்.

ஒரு வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். விமானத்தை இறங்கவிடாமல் ராத்திரி முழுக்கக் கடலுக்கு மேலேயே சுற்றவைத்தேன். கதைதானே, யார் கேட்பது? பிறகு பாவமாக இருந்தது. அவளுக்குப் பட்டுக்கோட்டை பஸ்ஸிலேயே வாந்தி வரும். இறக்கிவிட்டேன்.

(கல்யாணமானதிலிருந்து அவள் மச்சானைப் பார்த்ததெல்லாம் அவருடைய லீவு நாட்களில்தான். அந்த வரைவில் இதை எழுதாமல் விட்டிருந்தேன்.)

4

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று அஸர் தொழுகை முடிந்ததும் லாத்தா அடுப்படிக்கு வந்தாள்.

"மச்சான் டிக்கெட் போடணும்னு போன் லைன்ல நிக்கிறாங்க. போவவா?"

"என்னைய ஏன் கேக்குறே? உம்மாவக் கேளு."

"அவங்க 'போய்ட்டு வா'ன்னு சொல்றாங்க, என்னமோ கடைத்தெருவுக்குப் போற மாதிரி. ஒன்னையத்தான் கேக்கணும். பரீட்சை ஒனக்குத்தானே."

நான் அடுப்பைத் துடைத்தேன்.

"போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லு. போவல. சண்ட போட மாட்டேன்."

"போட்டாவாவது தேவல."

சிரித்துவிட்டாள். "ஊமைக்கொட்டான்னு நெனச்சா, வாயப் பாரு."

"யோசிச்சுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

முடிவு, ஒன்று: "போவாதே" என்கிறேன். இருந்துவிடுகிறாள். பரீட்சை எழுதுகிறேன். மச்சானிடமிருந்து போன் வரும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

முடிவு, இன்னொன்று: "போ" என்கிறேன். வாசலில் கார் நிற்கிறது. அவள்

(மேலே எழுத ஓடவில்லை. அசதியாக இருக்கிறது.)

லாத்தா இன்னும் அடுப்படியில்தான் நிற்கிறாள். மச்சானுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று கைபேசியை நெஞ்சோடு பொத்திப் பிடித்திருக்கிறாள். இதைப் படிக்கிற நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். போய் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அடித்துத் திருத்த மாட்டேன்.

உம்மா கூப்பிடுகிறார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.