நூறு டாலருக்குக் கீழே

சிங்கப்பூரில் ஒரு வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பிலிப்பைன்ஸில் இருக்கும் என் ஊர் இலோய்லோவுக்கு விமான டிக்கெட் விலை மாறினால் 'டிங்' என்று அடிக்கும்படி போனில் போட்டு வைத்திருந்தேன். நூறு டாலருக்குக் கீழே வந்தால் வாங்குவதாக எண்ணம். அந்தப் பாழாய்ப்போன போன் ஏறினாலும் அடிக்கும், இறங்கினாலும் அடிக்கும். கக்கூஸ் கழுவும்போதுதான் அதிகமாக அடிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால் இருநூற்று முப்பது என்று இருக்கும். போ சனியனே என்று மறுபடி பிரஷ்ஷைப் பிடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடுவோம். "அக்கா, உங்க புருஷன விட இந்தப் போனுதான் உங்கள அதிகமா கூப்பிடுது" என்பாள் கிளெண்டா. புருஷன் கூப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அவள் சொன்னதில் தப்பில்லை.

என் மகள் ஜெலின் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். நன்றாகப் படித்த பிள்ளைக்குப் பள்ளி விழாவில் பதக்கம் உண்டு. அதைப் பெற்றவர்கள்தான் மேடையேறிக் கழுத்தில் மாட்ட வேண்டும். ஆறாம் வகுப்பில் மாட்டியது என் தங்கை நெலியா. பத்தாம் வகுப்பிலும் அவள்தான். இரண்டு தடவையும் விலை இறங்கட்டும், இறங்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் யானை விலைக்குப் போனது. அந்தக் காசை ஜெலின் படிப்புக்கே அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை நான்தான் மாட்டுவேன் என்று அவளிடம் சத்தியமே செய்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. போக வர தொண்ணூற்றெட்டு. மே இருபது போய் இருபத்தாறு திரும்ப வேண்டும். பெட்டி கொண்டுபோக முடியாது, தேதியை மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. விழா மே இருபத்துமூன்று என்று ஜெலின் ஜனவரியிலேயே சொல்லியிருந்தாள். இருந்தாலும் கேட்டுவிடுவோம் என்று கூப்பிட்டேன்.

"இருபத்துமூணுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு, மாத்த முடியாத டிக்கெட்டு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன்.

"ஆமாம்மா, அன்னைக்குத்தான். வாங்கிடு."

வாங்கினேன். மேடத்திடம் கெஞ்சி லீவும் வாங்கினேன். கைப்பையில் ஏழு கிலோதான் விடுவார்கள். மேடைக்கென்று எடுத்த கவுனும் உயரச் செருப்பும் சாக்லேட்டும் வைத்ததுமே பை நிறைந்துவிட்டது. வெறுங்கையோடு போனால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? அவர்களுக்கு வாங்கிய டீ-சர்ட்டுகளில் நாலை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். வேர்த்துக் கொட்டியது. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நெலியா உள்ளே வந்து வேடிக்கையாகப் பார்த்தாள்.

"இப்பவே எதுக்கு? விழா ஜூன் நாலாந்தேதிதானே. வெயில் தாங்காம பள்ளிக்கூடத்த மூடினாங்கல்ல, அந்த நாளையெல்லாம் ஈடுகட்டணும்னு தள்ளிட்டாங்க."

ஜெலின் அடுப்படியில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். நான் கூப்பிட்ட அன்றைக்குக் காலையிலேயே பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

அடுப்பை அணைத்தாள்.

"சொல்லியிருந்தா ஜூனுக்கு விலை இறங்கட்டும்னு உக்காந்திருப்ப. அது இறங்காது. நீயும் வரமாட்ட. பதக்கத்த சித்தி மாட்டட்டும்மா. எனக்கு நீ ஒரு தடவ வந்தா போதும்னு இருந்துச்சு."

ஓங்கி அறையலாம் போலக் கோபம் வந்தது. அறையவில்லை. எந்த வாயால் அவளைத் திட்டுவது? அழுதுவிட்டேன். அவள் பொரித்த மீனை மூன்று பேரும் சாப்பிட்டோம். ஜூனில் மேடத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அப்போது எனக்கு லீவு கிடையாது. இருபத்தாறாம் தேதி திரும்பிவிட்டேன்.

ஜூன் நாலாம் தேதி பாத்திரம் கழுவும்போது போட்டோ வந்தது. மேடையில் ஜெலின், பக்கத்தில் நெலியா. ஜெலின் கழுத்தில் பதக்கம் இல்லை, கையில் பிடித்திருந்தாள். கீழே குரல் செய்தி ஒன்று இருந்தது.

"சித்திய மாட்ட விடலம்மா. அடுத்த தடவ வர்றப்ப நீயே மாட்டு. விலையப் பாக்காம வா."

ஈரக்கையோடு டிசம்பருக்குத் தேடினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பிறகு, விலை இறங்கினால் சொல் என்று மறுபடியும் போட்டு வைத்தேன்.