டம்ளரில் ஆடிய கரண்டிகள்

1

இந்தக் கதை முழுவதும் என் கற்பனை என்றால் அது பொய். மலையுச்சி பெட்ரோல் பங்கில் ஒரு பழைய வேன் நின்றது. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் கரண்டிகள் இரண்டு மட்டும் முன்னால், கியருக்குப் பக்கத்தில், ஒரு டம்ளரில் நின்றன. ஏன்? காரணத்தை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன்.

2

‘மலைச்சாலை பாம்பாய் வளைந்து…’ (வேண்டாம். பாம்புக்கே அலுத்திருக்கும்.)

வேனை ஓட்டுபவர் முப்பது வருடம் அச்சக இயந்திரத்தோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். பக்கத்தில் மனைவி. மேலே இருக்கும் ஊரில் மகளுக்கு நாளைக் காலை பிரசவ ஆபரேஷன். டீசல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. உச்சிக்குப் போகும்வரை பங்க் கிடையாது.

“டாப் கியர்லயே போனா இன்ஜின் மெதுவா சுத்தும். டீசல் மிச்சம்” என்றார்.

“சமதரையில சரிங்க. ஏத்தத்துல இப்படி முக்குதே! பின்னாடி பாருங்க, ஒரே கரும்புகை. அத்தனையும் நம்ம டீசல்.”

“முக்குதா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

இதுவரை பிடிவாதம் என்றே நினைத்திருந்தாள். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

3

(இங்கே அவளை, “உங்களுக்குக் காது மந்தம்” என்று சொல்லவைத்தேன். உடனே அந்த வரியை அடித்துவிட்டேன். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் அப்படிக் கல்லெறிய மாட்டாள்.)

வண்டியை நிறுத்தச் சொன்னாள். பின்னால் போய்க் கரண்டிகளை டம்ளரில் போட்டு எடுத்துவந்தாள். இருக்கைகளுக்கு நடுவே இன்ஜின் மூடிமேல் வைத்து, துண்டைச் சுருட்டி அணைகொடுத்தாள்.

“பின்னாடி உருண்டுக்கிட்டே கிடக்குது. இங்க இருக்கட்டும்.”

அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் முக்க முக்க, கரண்டிகள் பேயாட்டம் ஆடின. அவர் பார்த்தார். மூன்றாவது கியருக்கு இறக்கினார். இன்ஜின் வேகமாகச் சுற்றியது. வண்டி சிரமமில்லாமல் ஏறியது. ஆக்சிலேட்டரை அழுத்திய கால் தளர்ந்தது. புகை நின்றது, கரண்டிகளும் அடங்கின.

“இதுக்கு என்ன ஆச்சு?” என்று டம்ளரைப் பார்த்துக் கேட்டார்.

“அதுக்கு உங்க மூணாவது கியர்தான் பிடிச்சிருக்காம்!”

அவர் சிரித்துவிட்டார்.

4

போய்ச் சேர்ந்தார்களா? சேர்ந்தார்கள். கரண்டிகளை நான் பார்த்ததே மேலே இருந்த பங்கில்தானே.

அவளுடைய தந்திரம் அவருக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு முடிவு எழுதினேன். முதல் ஆட்டத்திலேயே தெரிந்துகொண்டு, அவளுக்காக வாயைத் திறக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டிலும் எனக்கு ஆசைதான்.

டீசல் போட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்: “கரண்டியைப் பின்னாடி வச்சிரவா?”

அவர் டம்ளரை எடுத்தார். சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்தார். பிறகு…

ஆண்டவன் எனக்குக் காட்டியது அவ்வளவுதான். டம்ளர் இன்னும் அவர் கையில் இருக்கிறது. அதை எங்கே வைப்பார் என்று நீங்கள் எழுதுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். அவள் கேட்டது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.