வீட்டில் கண்ட உவமை

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இராமதாஸ் வாத்தியார் நடந்து போனால் முதுகு கோடு போட்டாற்போல் நிமிர்ந்திருக்கும். அவர் குடும்பத்தில் யாரும் தலைகுனிந்து நடந்ததில்லை. அதனால்தான், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து சித்தம் கலங்கித் திரும்பிய அண்ணன் அரிகிருஷ்ணனைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சைகோனில் உத்தியோகம் பார்ப்பதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த வியட்நாம் ஊருக்கு வீட்டுக்கொருவர் கப்பலேறியிருந்ததால், சைகோன் என்றால் புதுச்சேரியில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அண்ணனின் மூத்த மகள் சுலோசனாவின் கழுத்தில் தாலி ஏறும் வரை அந்தப் பூட்டு தாங்கினால் போதும்.

மாப்பிள்ளை, தலைமையாசிரியர் சாமிக்கண்ணுவின் மகன். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தாயிற்று. அந்த வாரத்தில்தான் சாமிக்கண்ணு, வாத்தியார் பாடம் நடத்துவதைப் பார்வையிட ஏழாம் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைய பாடம் உவமை.

"மொகம் நெலா மாதிரி சார்."

"பல்லு முத்து மாதிரி சார்."

"நெலாவையும் முத்தையும் வுட்டுத் தொலைங்கடா. எவனோ சொன்னதத் திருப்பிச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு? அவங்கவங்க வூட்டுல கண்ணால பாத்ததச் சொல்லுங்க."

சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் தன் திறமையைக் காட்டும் ஆசை வாத்தியாருக்கு.

கொளஞ்சி எழுந்தான். "எங்கப்பா மில்லுலேர்ந்து வந்தா தலையெல்லாம் பஞ்சு சார். கூத்துல கெழவன் வேஷம் கட்டுன மாதிரி இருப்பாரு."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. "பலே!" என்றார் சாமிக்கண்ணு. அந்தப் பாராட்டில் வாத்தியாருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. "அடுத்து!" என்றார். எழுந்து நின்றவள் அண்ணனின் இளைய மகள் அஞ்சலாட்சி என்பது அவள் வாய் திறந்த பிறகே உறைத்தது.

"எங்கப்பாவுக்குக் கதவுக்கடியில சோத்துத் தட்டத் தள்ளுவேன் சார். அவரு வெரலு மட்டும் வெளிய வந்து தேடும். நண்டு வளையிலேர்ந்து கால நீட்டுற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒங்கப்பா சைகோன்ல இல்ல இருக்காரு?" என்றார் சாமிக்கண்ணு.

வாத்தியார் பிரம்பை எடுத்தார். "பொய் சொல்றியா? இல்லாததக் கட்டிச் சொன்னேன்னு சொல்லு!"

"பாத்ததத்தான சார் சொல்லச் சொன்னீங்க..."

பிரம்பு உள்ளங்கையில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது.

"எங்க இருக்காரு ஒங்கப்பா?"

"சைகோன்ல சார்."

சாமிக்கண்ணு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "புள்ளைக்குக் கற்பனை ஜாஸ்தி வாத்தியாரே. வெள்ளிக்கெழம வர்றோம். வர்றப்ப பின்கட்டையும் ஒரு தடவ பாத்துடுவோம். பந்தி போட எடம் வேணுமில்ல?"



பொழுது சாயும் நேரத்தில் பின்கட்டுக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள் சுலோசனா. அஞ்சலாட்சி அதைத் தொடவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார் வாத்தியார்.

"யாருக்கு சித்தப்பா?" அவள் குரலில் குறும்பு இல்லை. கன்றிப்போன கையை மடியில் வைத்திருந்தாள். "அப்பாதான் சைகோன்ல இருக்காரே."

கதவு மறுபடி தட்டப்பட்டது. வாத்தியாரே தட்டை எடுத்துக்கொண்டு போனார். அந்த வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. முட்டி போட்டு, தலையைத் தரைக்குத் தாழ்த்தித்தான் தள்ள வேண்டியிருந்தது.

விரல்கள் வெளியே வந்தன. தட்டைத் தாண்டி நகர்ந்து அவர் கையைத் தடவிப் பார்த்தன. அது மகளின் கை இல்லை என்று தெரிந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டன.

அதற்குப் பிறகு கதவு தட்டப்படவில்லை. சோறு வெளியிலேயே கிடந்து ஆறியது.