தராசில் ஏறிய வெளிச்சம்

பல் செய்கிறவளின் வீட்டில் வெளிச்சம் கனக்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். அடுப்படி டியூப் லைட்டுக்கு நேர் கீழே கூடையில் இருந்த தக்காளிகள் எல்லாம் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன. அலமாரி நிழலுக்குள் உருண்டுபோன இரண்டு மட்டும் கடையில் வாங்கிய மேனிக்கே முழுசாக இருந்தன. பால் கொதித்தும் பொங்கவில்லை, பாத்திரத்துக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தது. பூனை கூடத்தின் நடுவே வரும்போது வயிறு தரையில் பட ஊர்ந்து, விளக்கைத் தாண்டியதும் பழையபடி நிமிர்ந்து நடந்து போனது. பல் செய்கிறவள் இதைப் பார்த்து அதிசயப்படவில்லை. அவளுக்கு அந்த வெளிச்சம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே கனம்தான். மற்றவர்களுக்கும் அது தெரிய ஆரம்பித்த நாள் அது, அவ்வளவுதான்.

வாழ்க்கைப்பட்ட வீடு அப்படி. புருஷன் தெருமுனையில் பல்புக் கடை வைத்திருந்தான். கடைக்கு எந்தப் புது மாடல் வந்தாலும் முதலில் தன் வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் விற்பான். அதனால் தெருவில் அவனுக்கு ஜெகஜோதி என்று பெயர் விழுந்துவிட்டது. தங்கமான மனுஷன். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாக் குறைக்கும் அவனிடம் ஒரே மருந்துதான் இருந்தது. அவளோ ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, டாக்டர் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பீங்கான் பொடியில் பல் செய்கிறவள். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும், சிரித்தால் எது சொந்தப் பல், எது வாங்கிய பல் என்று பல் கட்டிக்கொண்டவனுக்கே மறந்துபோக வேண்டும். அதுதான் அவள் கர்வம். நிறம் பார்க்க வெள்ளை வெளிச்சம் தேவை. வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்த ஆரம்பிப்பார்கள். கண்ணோரம் கோணல்மாணலாகக் கோடுகள் மின்னும், வயிற்றைப் புரட்டும், அப்புறம் ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டியதுதான். அவள் அப்படிப் படுக்கும்போதெல்லாம் ஜெகஜோதி பதறிப்போவான். "இருட்டுல கண்ணக் கசக்கிக்கிட்டு வேலை பாக்குற, அதான் தலை வலிக்குது. இரு, இதவிடப் பிரகாசமா ஒண்ணு வந்திருக்கு, கொண்டாறேன்" என்று கடைக்கு ஓடுவான். பாசம் கூடக் கூட வீட்டில் வெளிச்சமும் கூடிக்கொண்டே போயிற்று.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், ஜெகஜோதியின் அக்கா. பல் செய்கிறவளுக்கு அண்ணி. பஸ் கண்டக்டர் வேலை, குரல் பஸ்ஸின் கடைசி சீட்டையும் தாண்டும். "விளக்கப் பாத்தா தலைவலியாம்! நான் நாள் முழுக்க உச்சி வெயில்ல படிக்கட்டுல நின்னுக்கிட்டு வர்றேன், எனக்கு வரலையே? எல்லாம் பாத்திரம் தேய்க்காம இருக்க ஒரு சாக்கு" என்று அவள் காதில் விழும்படியே சொல்வாள். பல் செய்கிறவள் பீங்கான் பொடியைக் குழைத்துக்கொண்டிருப்பாள். தலைவலிக்காரர்களுக்குக் காயமும் கிடையாது, கட்டும் கிடையாது. எதைக் காட்டி நிரூபிப்பது? தக்காளி நசுங்கிய அன்று அவள் மனசு கூத்தாடியதற்குக் காரணம் இதுதான். கடைசியில் காட்டுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது!

அடுத்த சில வாரங்களில் விளக்குகளுக்குக் கீழே தரை குழிந்து, துடைத்த தண்ணீர் வட்டவட்டமாகத் தேங்கியது. விருந்தாளி ஒருவர் முறுக்கிவிட்ட மீசையோடு வந்து, தொங்கிய மீசையோடு திரும்பிப் போனார். தெரு முழுக்க இதே பேச்சு. நோட்டுப் புத்தகத்தை நீவிக்கொள்ளவும், கசங்கிய சட்டையை மடிப்பு எடுக்கவும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக் காய்கறிக்காரர்தான், "சும்மா பேசிக்கிட்டிருந்தா எப்படி, நிறுத்துப் பாத்துடுவோமே" என்று தன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கடையில் இருந்த அத்தனை பல்பையும் ஜெகஜோதி கூடத்தில் பரப்பிவிட்டான். ஜன்னல்களைச் சாத்தி, தராசின் ஒரு தட்டுக்கு மேலே ஒவ்வொன்றாக மாட்டி, மறு தட்டில் காய்கறிக்காரர் எடைக்கல் வைக்க வைக்க, வாசலில் நின்ற கூட்டம் கிரிக்கெட் பார்ப்பதுபோல் கத்தியது. மஞ்சள் குண்டு பல்பு ஒரு வெங்காயத்தின் எடைதான் இருந்தது. வெள்ளை பல்பு பூசணிக்காய் கனம் கனத்தது. நீலம் தட்டும் வெள்ளை, அவன் ஆசை ஆசையாக அவள் மேஜைக்கு மேல் மாட்டியிருந்தானே அதே ரகம், தட்டைத் தரையோடு தரையாக உட்கார வைத்துவிட்டது. காய்கறிக்காரரிடம் கல் தீர்ந்துபோயிற்று. நடுங்கி நடுங்கி எரியும் பழைய டியூப் லைட்டின் வெளிச்சம் சரளைக்கல்லாக விழுந்தது, தட்டு எகிறி எகிறிக் குதித்தது. ஜெகஜோதிக்கு ஒரே குஷி, யாருக்குமே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்த குஷி. நீல வெள்ளைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். தூக்க முடியவில்லை. அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "இதையாம்மா நான் உன் தலையில ஏத்தி வச்சேன்?" என்று கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அவன் அழுதான், அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அவளுடையது சந்தோஷ அழுகை. கடைசியாக, மூலையில் விற்காமல் கிடந்த ஒரு பச்சை பல்பை மாட்டினார்கள். கல் எதுவும் வைக்காமலே அந்தத் தட்டு மெல்ல மேலே போயிற்று. கைதட்டல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே வீட்டில் இருந்த விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். கூடத்தில் ஒரு மங்கலான மஞ்சள், அவள் மேஜைக்கு மேல் பச்சை. பச்சைக்குக் கீழே போய் உட்கார்ந்ததும் அவள் நாற்காலியிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பினாள். புடவைத் தலைப்பை மேஜைக் காலில் முடிந்துகொண்டு வேலையைத் தொடங்கினாள். தலைவலி வராமல் இல்லை. தூக்கம் கெட்டால் வந்தது, பசியோடு இருந்தால் வந்தது. ஆனால் வந்தாலும் கூடத்து மூலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போய்விட்டது.

வேலைக்குத்தான் வினை வந்தது. பச்சையில் எந்தப் பல்லும் சாம்பலாகத்தான் தெரியும். மஞ்சளில் பார்த்துச் செய்த பல், கட்டிக்கொண்டவர் வெயிலில் சிரித்தபோது சோளமணியாகப் பளிச்சிட்டது. அது திரும்பி வந்தது, அடுத்ததும் திரும்பி வந்தது. டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் வாய்கள் வரிசையில் காத்திருக்கின்றன. "உங்க கைக்குப் பல்லு செய்ய வேற ஆளே கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு தடவ நிறம் தப்பினா நான் வேற எடத்துக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார். தலையைக் காப்பாற்றினால் தொழில் போகும், தொழிலைக் காப்பாற்றினால் தலை போகும். அவள் அந்த நீல வெள்ளை பல்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கூட வைத்துவிட்டாள்.

அதை முந்திக்கொண்டு எடுத்தது அண்ணி. தராசு வைத்த அன்று அவளுக்கு டூட்டி. கண்ணால் பார்க்கவில்லை, அதனால் நம்பவில்லை; தரைக் குழிக்கு எலிவளைதான் காரணம் என்பாள். "தராச ஏமாத்தத் தெரியாத காய்கறிக்காரன் எங்க இருக்கான்? வெளிச்சமாம், எடையாம்! என்னத் தள்ளட்டும் பாப்போம்" என்று சொல்லி, கூடத்து நடுவில் பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டு, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றாள். ஒரு நிமிஷம் ராணி மாதிரி நின்றாள். பிறகு முழங்கால் மடங்கியது. விழுகிற வேகத்தில் மேஜை விளிம்பில் வாய் மோதி, முன்பல் பாதி ஒடிந்து, பூனையின் பால் தட்டில் போய் விழுந்தது.

அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. ஒடிந்த பல்லின் சந்து வழியாக அண்ணி பேசும்போதெல்லாம் விசில் பறந்தது, அதுவும் "சில்லறை" என்ற சொல்லுக்கு அசல் கண்டக்டர் விசில். அவள் சில்லறை கேட்கக் கேட்க டிரைவர் பிரேக் போட்டார். பஸ் மரத்தடியில் நின்றது, பாலத்தின் நடுவில் நின்றது, ஆளே இல்லாத வயல் ஓரத்தில் நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். பல்லைச் சரிசெய்துகொண்டு வரும்வரை வண்டியில் ஏறக்கூடாது என்று டிப்போவில் உத்தரவாகிவிட்டது. அண்ணி வீட்டுக்கு வந்து, வாயைத் துணியால் மூடிக்கொண்டு, பச்சை விளக்கின் எல்லைக்கு வெளியே நின்றாள். "நீதான் செய்யணும்" என்றாள், விசிலைக் கூடிய மட்டும் அடக்கிக்கொண்டு. ஒரே பல், அதுவும் முன்பல், அதுவும் அண்ணியின் பல். டாக்டர் சொன்ன அந்த இன்னொரு தடவையும் இதுதான்.

பல் செய்கிறவள் தண்ணீரில் போட்டு வைத்திருந்த ஒடிந்த துண்டை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளையில் பார்த்தால் படுக்கையில் விழ வேண்டும், பச்சையில் பார்த்தால் தெரியாது. பார்க்காமல் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றியது. வெளுப்பான பல் வெளிச்சத்தைத் திருப்பி எறிந்துவிடும், மங்கலான பல் குடித்துவிடும். குடித்தது கனக்கத்தானே வேண்டும்? எல்லா நிற வெளிச்சத்திலும் இரண்டு பல் ஒரே கனம் கனத்தால் அவற்றின் நிறமும் ஒன்றுதானே? அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "என்னங்க! கடையில இருக்குற கலர் பல்பெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், பரம சாதுவாகவே அவளை அறிந்திருந்த தெரு திடுக்கிட்டு வெளியே வந்தது.

பீங்கான் பொடி நிறுக்க அவள் வைத்திருந்த சின்னத் தராசைக் கூடத்து நடுவில் வைத்தார்கள். ஒரு தட்டில் ஒடிந்த துண்டு, மறு தட்டில் அவள் புதிதாகச் செய்த பல். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, விரல் நுனியால் தடவித் தடவி, பொடி மணலைத் தூவி இரண்டையும் இருட்டில் சமமாக்கினாள். பிறகு திரைக்குப் பின்னால் தன் பச்சைக்குக் கீழே போய்விட்டாள். ஜெகஜோதி சிவப்பைப் போட்டான். காய்கறிக்காரர் முள்ளைப் பார்த்து, "புதுசுதான் எறங்குது!" என்று கத்தினார். அவள் பல்லை வாங்கி, மேலே வெளுப்பாக ஒரு பூச்சு பூசி, சூளையில் வைத்து எடுத்து அனுப்பினாள். அடுத்த தடவை சிவப்பில் நின்றது, மஞ்சளில் ஆடியது. மறுபடி பூச்சு, மறுபடி சூளை, மறுபடி இருட்டில் மணல். மஞ்சளில் நின்றது, நீலத்தில் ஒரு மயிரிழை சாய்ந்தது. வாசலில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை; அடுப்பில் வைத்ததையெல்லாம் அடியோடு தீயவிட்டு நின்றார்கள். அண்ணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வாயை மூடிய துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஜெகஜோதி சிவப்பைப் போட்டான், முள் அசையவில்லை. மஞ்சள், அசையவில்லை. நீலம். காய்கறிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

மறுநாள் டாக்டர் அந்தப் பல்லைக் கட்டி, கண்ணாடியைக் கொடுத்தார். அண்ணி கிளினிக் வாசலில் வெயிலில் நின்று முதலில் பல்லைப் பார்த்தாள், பிறகு துணிந்து, "சில்லறை" என்றாள். விசில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பஸ் நிற்காமல் போயிற்று. அவள் அங்கேயே ஓவென்று சிரித்தாள், எது பழைய பல், எது புதுப் பல் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அச்சுகள் கூடை கூடையாக வந்தன. பல்புக் கடையில் பச்சைக்கும் மங்கல் மஞ்சளுக்கும் கிராக்கி ஏறியது, வாங்க வருகிறவர்களுக்கு ஜெகஜோதி முதலில் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் விற்றான். இந்த வட்டாரத்தில் இப்போதும் அப்படித்தான் விற்கிறார்கள்.

அண்ணி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, அவள் சுபாவம் அது. ஆனால் வேலை நாட்களில் டூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பச்சை விளக்கின் பக்கம் போவாள். வேலை மும்முரத்தில் புடவைத் தலைப்பின் முடிச்சு அவிழ்ந்தது தெரியாமல் பல் செய்கிறவள் விட்டத்தில் தலை முட்டும் உயரத்துக்குப் போயிருப்பாள். "பாத்தும்மா, தலை" என்பாள் அண்ணி. எக்கி நின்று தன் தோளில் இருக்கும் சில்லறைப் பையைக் கழற்றி அவள் தோளில் மாட்டுவாள். பை குலுங்கும், அவள் மெதுவாக நாற்காலிக்கு இறங்குவாள், அண்ணி பாத்திரம் தேய்க்கப் போவாள்.