மெல்லாத கேரட்

என் வீட்டுக்காரர் சங்கிலிக்கு வாந்தி. வாளியை எட்டிப் பார்த்தேன். காலையில் நான் நறுக்கிக் கொடுத்த கேரட், நறுக்கிய ஓரம்கூட மழுங்காமல் வாளியில் கிடந்தது. கூடவே பீன்ஸும் துண்டு துண்டாக. பல் பட்ட தடமே இல்லை!

ரத்தம் கம்மி, காய்கறி நிறையக் கொடுங்கள் என்று மதுரை டாக்டரம்மா சொன்னதிலிருந்து, சோழவந்தான் சந்தையில் ஒரு காய் விடாமல் வாங்கிப் போட்டவள் நான். அப்படியும் மனுசன் இளைத்துக்கொண்டே போனார். இப்போதல்லவா சங்கதி தெரிகிறது! வந்த ஆத்திரத்தில் அவரை இழுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

"மெல்லாம விழுங்குனா எப்படிம்மா?" என்றார் டாக்டரம்மா. "காயோட சத்து உள்ளுக்குள்ள அடைபட்டுக் கெடக்கும். பல்லு அரைச்சு உடைச்சாத்தான் வெளிய வரும். இல்லேன்னா முக்காவாசி அப்படியே போயிரும்."

"நல்லாக் கேளுங்கம்மா!" என்று நான் பிடித்துக்கொண்டேன். "வெத்தல பாக்குன்னா பொழுதன்னைக்கும் வாய்க்குள்ள கெடக்கும். காயின்னா மட்டும் தொரைக்குப் பல்லு வலிக்குதாக்கும்!"

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காரம் சாப்பிடுறாரா?"

"எங்க? வாய் எரியுதுன்னு இம்புட்டு மிளகாகூடக் கிள்ளிப்போட விடமாட்டேங்குறாரு."

டாக்டரம்மா எழுந்து வந்தார். "ஐயா, வாயத் தெறங்க."

சங்கிலி என்னைப் பார்த்தார். பிறகு திறந்தார். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "இன்னும்" என்றார் டாக்டரம்மா. தாடை நடுங்கியதே தவிர அசையவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. அடப்பாவி மனுசா! தினமும் சோறு போட்டவளுக்கே தெரியாமல் போயிற்றே!

"பாக்கு பண்ணுன வேலை. மெல்ல முடியாமத்தான் விழுங்கியிருக்காரு," என்றார் டாக்டரம்மா. "சதை எடுத்துச் சோதிக்கணும். புத்துநோயா இருந்துறக் கூடாது."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏய்யா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா... வெத்தல பாக்க நிறுத்திப்புடுவ."

தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அடுத்த அடிக்குக் கை எழவில்லை. அழுகைதான் வந்தது.

டாக்டரம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார். "மொதல்ல கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கிறதத் துப்புங்க."

சங்கிலி கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டார்.