கலந்து கொடுத்தது

காதிரைச்சல் நின்றுபோன அன்று கிறிஸ்துராஜ் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். கொல்லைக் கதவருகே நின்று பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் நின்றது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்படியே வெகுநேரம் நின்றார். உள்ளேயிருந்து மனைவி ரோசலின் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவர் வரலாற்று ஆசிரியர். அப்பா இறந்த சமயத்தில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்று போனதற்கு, ஒரு டாக்டர் பத்து நாளைக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். எல்லாம் அதில் தொடங்கியது. பத்து நாளை எழுதியவரும் மறந்தார், சாப்பிட்டவரும் மறந்தார். மேட்டுப்பட்டி முக்கில் இருக்கும் பாரூக்கின் மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்தார்கள். வருடங்கள் ஓடின. பிறகு ஒரு காய்ச்சலுக்குப் போனபோது, புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர், "இதை இன்னுமா சாப்பிடுறீங்க? அடிமையாயிட்டீங்க சார், உடனே நிறுத்துங்க" என்று சத்தம் போட்டார். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அடிமை என்ற சொல் நெஞ்சில் தைத்திருந்தது. திருநீற்றுப் புதன் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தவக்காலத்துக்கு ஊரில் கறியை விடுவார்கள், பீடியை விடுவார்கள், சிலர் தொலைக்காட்சியைக்கூட விடுவார்கள். அவர் மாத்திரையை விட்டார். நெற்றியில் சாம்பலோடு வந்து, மிச்சமிருந்த அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இனி இது இல்லை" என்று மனைவியிடம் அறிவித்தார்.

தவக்காலம் முடிந்தது. உயிர்ப்பு ஞாயிறும் வந்தது. அவருக்கு மட்டும் விடியவில்லை. தோல் முழுக்க மிளகாய்த்தூள் தடவியதுபோல் எரிந்தது. தரை தெப்பம்போல் ஆடியது. டிரான்ஸ்பார்மர் பெட்டியை யாரோ காதுக்குள் இறக்கிவைத்துவிட்டதுபோல் ஓயாத உறுமல். குக்கர் விசில் அடித்தால் மார்பில் குத்து விழுந்ததுபோல் சுருண்டார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். எதைக் கண்டு என்று கேட்டால் பதில் இல்லை. பெயர் இருந்தால் அந்தப் பயத்தோடு பேசித் தீர்த்திருப்பார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதைக் கேட்ட உறவினர் முகங்களில் மகிழ்ச்சிக்குப் பதில் சந்தேகம் வந்தது. ஜெபக்குழுவினர் வந்து கஞ்சிரா தட்டிப் பாடினார்கள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி தரையில் உட்கார்ந்திருந்தார். "ஜெபம் பண்ணத்தான் வந்திருக்காக, உங்களைக் கொல்ல வரலை. வெளிய வாங்க" என்று ரோசலின் கதவைத் தட்டினாள்.

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். இத்தனை வருடம் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டிருக்கக் கூடாது, படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும், சிலருக்கு இது ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும், ஆனால் போகும் என்றார். போகும் என்ற அந்த ஒரு சொல்லை கிறிஸ்துராஜ் பிடித்துக்கொண்டார். ரோசலின் எத்தனையோ முறை கெஞ்சினாள். "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கங்க. செத்த நேரம் கண் அசரலாம்ல." அவர், "செத்தாலும் போட மாட்டேன்" என்றார். அடுத்த தவக்காலமும் வந்து போனது. பள்ளிக்கு நீண்ட விடுப்பு. ஜூனில் சேராவிட்டால் அந்த வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் உடம்பு தெளியத் தொடங்கியது. எரிச்சல் அடங்கியது, தரை நின்றது, பிறகு காதும் ஓய்ந்தது. ரோசலின் தினமும் சாயங்காலம் கருப்பட்டி போட்டுச் சுக்குமல்லிக் காபி வைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் பெரிய காரணம் தன் உறுதிதான் என்று உள்ளூர நினைத்தார். பின்வாங்காமல் நின்றேன், ஜெயித்தேன். தலைமையாசிரியருக்குப் போன் செய்து, ஜூனில் வருகிறேன் என்றார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போய், முழந்தாளிட்டு நன்றி சொன்னார்.

நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். கீரனூர்க்காரர் சுருளிவேல் என்று ஒருவர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மதுரை டாக்டர் வீட்டு பெஞ்சில் பழக்கமானவர். அவருக்கும் இதே மாத்திரை, இதே பாடு. தினமும் போன் செய்வார்.

"ஏனுங்க சார், இன்னைக்கு எப்படிங்க?"

"நல்லாயிருச்சு சுருளி. முழுசா நல்லாயிருச்சு."

"நெசமாலுமுங்களா?"

"நெசமாத்தான். தானாப் போயிருச்சு. உடம்புக்கு வழி தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, அம்புட்டுதான்."

மறுமுனையில் சுருளிவேல் அழுதார். "காய் வெட்டற ஆளுங்க முன்னால அழுகாச்சி வந்துருதுங்க சார். எங்கூட்டுக்காரி பேய்ங்கிறா. நீங்க சொல்றீங்கன்னா நான் தாங்கிக்குவேனுங்க."

மே மாதக் கடைசியில், வத்தலக்குண்டில் ரோசலினின் தங்கை மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. ஒலிபெருக்கிக்குப் பயந்து கிறிஸ்துராஜ் போகவில்லை. ரோசலின் கிளம்பும்போது சுக்குமல்லிப் பொடி டப்பாவை எடுத்துக் காட்டி, "ரெண்டு கரண்டி போட்டுக் கொதிக்க விடுங்க, நாலு நாள்தானே, வந்துருவேன்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "கதவைப் பூட்டிக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை ஈயம் பூசியதுபோல் வாய் கசந்தது. மத்தியானத்துக்குள் தரை ஆடத் தொடங்கியது. அவர் சுக்கைக் குறைவாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, நாலு கரண்டி போட்டுக் குடித்தார். தொண்டைதான் எரிந்தது. அடுத்த நாள் காதுக்குள் அந்த உறுமல், விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோலத் தொடங்கியது.

தலைவலிக்காவது ஏதாவது வாங்கலாம் என்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாரூக் கடைக்கு நடந்தார்.

"வாங்க சார், வாங்க" என்றார் பாரூக். "உடம்பு தேவலைன்னு அக்கா சொன்னாக. சந்தோசம்."

"எங்க தேவலை. திரும்ப ஆரம்பிச்சிருச்சு பாரூக்."

"ஏன் சார், மாத்திரை தீந்துபோச்சா? போன வாரம்தானே ரெண்டு அட்டை வாங்கிட்டுப் போனாக?"

"எந்த மாத்திரை?"

பாரூக் அவர் முகத்தைப் பார்த்தார். "உங்களுது தான் சார். பழைய மாத்திரை. ஒரு மாசமா..." என்று இழுத்தவர், சட்டென்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

கிறிஸ்துராஜ் எப்படி வீடு வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக வந்து இடத்தில் உட்கார்ந்தது. கருப்பட்டியின் கனத்த இனிப்பு. அவர் குடித்து முடிக்கும் வரை டம்ளருக்காகக் காத்து நிற்கும் ரோசலின். கோயிலில் அவர் சொன்ன நன்றி பாரூக் கடைக்குப் போய்ச் சேர வேண்டியது.

மத்தியானம் ரோசலின் வந்தாள். பையைத் திறந்துகொண்டே, "பூந்தி கொடுத்துவிட்டிருக்கா. பிள்ளைக்கு அந்தக் கிரீடம் தலையில நிக்கவே மாட்டேங்குது, பூசை முழுக்க ஒரு கையால பிடிச்சுக்கிட்டே..." என்றவள் அவரைப் பார்த்து நிறுத்தினாள்.

"எதுல கலந்த?"

அவள் பூந்திப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். அது சரியாக இல்லை என்பதுபோல் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"காபிலயா, ரசத்துலயா?"

"காபில."

"முழுசாவா?"

"மொதல்ல பாதி. அப்புறம் முழுசு."

இருபத்தைந்து வருட வாழ்க்கையில் அந்த வீட்டுக்கு மௌனம் புதிதல்ல. ஆனால் இந்த மௌனத்துக்குள் அவருடைய காது மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ரோசலின்தான் தொடங்கினாள். "எங்க மிக்கேல்ராஜ் அண்ணனுக்கு அண்ணி மீன்கொழம்புல பொடி கலந்து கொடுக்கலையா? பஸ்ஸுக்குப் பஸ் ஒட்டியிருக்கான், குடிக்கிற கணவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்னு. ஊரே கொடுக்குது. அன்னைக்கு நீங்கதான் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. கெட்டிக்காரி, புருசன் உயிரைக் காப்பாத்திட்டான்னீங்க."

"அது குடிக்கிறவனை விட வைக்கக் கொடுத்தது. நான் விட்டவன். விட்டவனுக்கு நீ ஊத்திக் கொடுத்திருக்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னதைப் பாத்தது நான். இந்த வீட்டுல ஒரு வருசமா மிக்சி ஓடலை, அம்மிலதான் அரைக்கிறேன். தும்மல் வந்தாக்கூடக் கொல்லைக்கு ஓடுறேன். நீ எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? ஒரு மாசமா நீங்க சிரிச்சீங்க. மீன் வாங்கிட்டு வந்தீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னாக் குடிப்பீங்களா?"

அவருக்கு அவளிடம் கேட்க இன்னொன்று இருந்தது. ஆனால் அது அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. மாத்திரை இல்லாமலேகூட அந்த மாதம் உடம்பு தேறத் தொடங்கியிருக்கலாம். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் கரை தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இனி வழியே இல்லை. அவருடைய ஒன்றேகால் வருடத்தை அவள் சுக்குத் தண்ணீரில் கரைத்துவிட்டிருந்தாள்.

சாயங்காலம் சுருளிவேல் போன் செய்தார். கிறிஸ்துராஜ் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். எடுத்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அப்போ தானாப் போகலீங்களா?"

"இல்லை சுருளி."

"போகவே போகாதுங்களா?"

"தெரியலை. நான் சொன்னதை நம்பாதீங்க. டாக்டர்கிட்டயே கேளுங்க."

வெகுநேரம் தென்னை ஓலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சுருளிவேல், "ஏனுங்க சார், அந்தச் சுக்குக் காப்பிய எங்கூட்டுக்காரியையும் வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இவர் யோசிப்பதற்குள் தொடர்பு அறுந்தது.

மறுநாள் காலை கை நடுங்கி, முகம் கழுவத் தண்ணீர் அள்ள முடியவில்லை. மதுரை டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "யார் கொடுத்தாங்கங்கிறது உடம்புக்குத் தெரியாது சார். உள்ள போயிருச்சு. கோவத்துல ரெண்டாந்தடவையும் வெட்டி விட்டீங்கன்னா வலிப்பு வந்துரும். அதே அளவை இன்னைக்கே போட்டுக்கிட்டு வந்து பாருங்க. கொஞ்சங் கொஞ்சமா இறக்குவோம். ரொம்ப மாசம் ஆகும்."

"ஜூன்ல ஸ்கூலுக்குப் போகணும்."

"போங்க. மாத்திரையோட போங்க."

அப்படியானால் ஜூனில் வகுப்புக்குப் போகப்போவது நான் இல்லை, அது என்று நினைத்துக்கொண்டார். செத்தாலும் போட மாட்டேன் என்று சொன்னவர், அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார். ரோசலின் முதுகைக் காட்டியபடி அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சிருக்க?"

அவள் கை கழுவிவிட்டு, அஞ்சறைப்பெட்டியின் மேல்தட்டைத் தூக்கி அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் வெந்தய வாசனை அடித்தது. அவர் ஒன்றைப் பிதுக்கி, அவள் பார்க்கும்படி வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். பிறகு அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் திரும்பக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. அந்த நிம்மதி அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ரோசலின் தட்டு போட்டாள். சோறு, ரசம், வெஞ்சனத்துக்கு அவரைக்காய். அவர் உட்கார்ந்தார். கை தட்டுக்குப் போகவில்லை. ரசத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு கவளத்தைப் பிசைந்தெடுத்து வாயில் போட்டு மென்றாள். அவரைக்காயிலும் கொஞ்சம் எடுத்தாள்.

வேண்டாம், அதெல்லாம் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.