இருபத்தைந்தாம் எலி

1

பத்தொன்பது ஆண் எலிகளைக் கொன்றுவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறேன். கதைக்காகக் கொல்லவில்லை. பழக்கத்தில் கொன்றேன்.

கம்பாலாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்குக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக எலி வளர்க்கிறேன். பெயர் கிபிராங்கோ, வயது ஐம்பத்து மூன்று. எங்கள் கூடத்தில் நடப்பது மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி. அதற்கு வேண்டியவை பெண் எலிகள். குட்டி பிறந்த பன்னிரண்டாம் நாள், ரோமம் அடர்வதற்குள், ஒவ்வொன்றாகப் புரட்டி வயிற்றைப் பார்ப்பேன். காம்புகள் புள்ளி வைத்தாற்போல் வரிசையாக இருந்தால் பெண். அது தாயிடம் திரும்பிவிடும். வயிறு வழவழவென்றிருந்தால் ஆண், வாயுப் பெட்டிக்குப் போகும். (ஆண் எலிக்குக் காம்பு கிடையாது. ஆண் மனிதனுக்கு உண்டு. எதற்கு என்று நான் இத்தனை வருடம் கேட்டதில்லை.)

இந்த ஆண்டு டாக்டர் நாசுனா புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஆண்களுக்கு வரும் மார்புப் புற்றுநோய். முதல் தொகுதியாக இருபத்து நான்கு ஆண் எலிகளை அவரே பிரித்தெடுத்து, தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வைத்துத் தைத்துவிட்டார். இரண்டாம் தொகுதிக்கு ஆண்களைப் பிரித்து வைக்கும் வேலையை என்னை நம்பி விட்டார்.

பத்தொன்பதையும் நான் வாயுப் பெட்டிக்கு அனுப்பிய அன்று மதியம் கூடத்துக்கு வந்தவர் கூண்டுகளைப் பார்த்தார்.

"ஆண் குட்டியெல்லாம் எங்க, பெரியவரே?"

கூண்டு கழுவும் ஒடொங்காராதான் சொன்னான். "பாம்புப் பண்ணை வண்டி அப்பவே வந்து தீனிக்கு எடுத்துட்டுப் போயிருச்சு, டாக்டரம்மா. எப்பவும்போல."

டாக்டரம்மா கத்தவில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார். "இந்த வம்சத்த வரவழைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன யோசனைல இருந்தீங்க?"

2

என்ன யோசனை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அன்று காலை குளிக்கும்போது, இடது காம்புக்கு அடியில், சோப்பு வழுக்கிய இடத்தில் விரல் நின்றது.

என் விரல்களுக்கு வேறெதுவும் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். இது தெரியும். வியாழன்தோறும் எலிகளின் மார்பைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கொழுப்பென்றால் விரலுக்கடியில் ஓடும். ஓடாமல் நிற்பது வேறு. இது நின்றது. மறுநாள் கூடத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, எலிக்கட்டி அளக்கும் வெர்னியரால் அளந்தேன். பதினான்கு மில்லிமீட்டர்.

ஆக, இந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது புற்றுநோயா இல்லையா. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்து நாளில் தெரிந்துவிடும். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதிலாக ஒரு கதை எழுத ஆரம்பித்தேன்.

2 (மறுபடியும்)

தொடக்கம் ஒன்று: "ஜின்ஜா சாலையில் மினிபஸ் ஓட்டும் வாலுசிம்பி, ஒருநாள் காலையில் தன் இடது மார்பில்"

[நிறுத்திவிட்டேன். மினிபஸ் ஓட்டுபவனுக்குக் கட்டியைத் தடவிப் பார்க்க நேரமேது?]

தொடக்கம் இரண்டு: "ஆசிரியர் வாலுசிம்பி மிகுந்த துணிச்சல்காரர். கட்டியைக் கண்டதுமே அவர் மருத்துவரிடம்"

[பொய். துணிச்சல்காரரை வைத்தால் கதை இரண்டு வரியில் முடிந்துவிடும்.]

தொடக்கம் மூன்று: "வாலுசிம்பிக்கு ஒன்றுமில்லை."

[இந்த வரியைக் கிழிக்க மனம் வராமல் மூன்று நாள் வைத்திருந்தேன்.]

3

எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறவன் கதையை நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். மதியம் போஷோ மக்காச்சோளக் களியும் பீன்ஸும் சாப்பிடும்போது ஒடொங்காராவிடம் சொன்னேன்.

"அண்ணே, கதைன்னா நம்புற மாதிரி இருக்கணும்," என்றான். "ஆம்பளைக்கு மார்ல கேன்சரா? அடுத்து என்ன, பிரசவ வார்டுல படுக்க வைக்கப் போறியா?"

"உன் கண்ணு முன்னாடியே இருபத்துநாலு ஆம்பள எலி இருக்கேடா."

"அதுங்களுக்கு டாக்டரம்மா மாத்திரை வெச்சாங்க. உன் வாலுசிம்பிக்கு எவ வெச்சா?"

சிரித்தேன். நல்ல நகைச்சுவை. யோசித்துப் பார்த்தால் நானே சொல்லியிருக்கக்கூடிய நகைச்சுவை. அதனால்தான் பீன்ஸ் உள்ளே இறங்கவில்லை.

வீட்டில் என் மனைவி நபுகீரா மட்டோக்கே வாழைக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். (கட்டி வாலுசிம்பிக்குத்தான் என்பதை இரண்டு தடவை அழுத்தி வாசித்தேன்.)

"சன்யு அப்பா, இதுல அவன் பொண்டாட்டி ஏன் ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறா?"

"அவளுக்கு விஷயம் தெரியாது."

"தெரியாம இருக்க அவ என்ன கல்லா? பக்கத்துலதான படுத்துக்கறா."

"அவன் மறைக்கிறான்."

"அப்ப அவன் மடையன்னு எழுது. படிக்கறவங்களுக்கும் புரியட்டும்."

எழுதிவிட்டேன். வாலுசிம்பி மடையன்.

4

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். இரண்டாம் தொகுதி போனதிலிருந்து அவர் என்னோடு எண்களைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. இருந்தும் கேட்டேன்.

"ஒரு கதைக்காகக் கேக்கறேன், டாக்டரம்மா. ஒரு ஆம்பளைக்கு இது வந்தா பிழைப்பானா?"

"எப்ப கண்டுபிடிச்சாங்கங்கறதப் பொறுத்து."

"சீக்கிரமே."

"எந்த வகைங்கறதப் பொறுத்து."

"சாதாரண வகை."

"ஆம்பளைங்களுக்கு எது சாதாரணம்னே நமக்குச் சரியாத் தெரியாது. ரொம்பக் கொஞ்சம் பேருக்கு வருது. பொம்பளைங்கள வெச்சுப் பாத்ததத்தான் ஆம்பளைக்கும் பெரும்பாலும் கொடுக்கறோம். அதுக்குத்தான் இந்த எலிங்க. மேற்கொண்டு ஆய்வு தேவை."

ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் கடைசி மூன்று சொற்கள், நமக்குக் கும்பிடு மாதிரி. வரும்போதும் சொல்வார்கள், போகும்போதும் சொல்வார்கள்.

மூன்றாம் வாரம், பதினேழாம் எண் எலியில் என் விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டது. மூன்று மில்லிமீட்டர். சொன்னதும் டாக்டரம்மா ஓடி வந்தார். தானே தடவிப் பார்த்தார். கை தட்டினார். ஒடொங்காராவின் தோளைப் பிடித்து உலுக்கினார். எங்கள் கூடத்தில் ஆண் எலிக்கு வந்த முதல் கட்டி!

"இருபது மில்லிமீட்டர் வந்ததும் எடுத்து அறுத்துப் பாக்கலாம்," என்றார்.

அன்று மாலை மறுபடி வெர்னியரை எடுத்தேன். பதினாறு. எலிக்கணக்கில் எனக்கு இன்னும் நான்கு மில்லிமீட்டர் இருந்தது.

(வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் சிரிக்க வேண்டும் என்று எழுதினேன். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சட்டைக்குள் பனியன் போட ஆரம்பித்தேன், வெயில் காலத்தில்.)

5

ஐந்தாம் வியாழன்.

வாராந்தரப் படிவம் ஒன்று உண்டு. எண், இடம், அளவு, அசைகிறதா இல்லையா. இருபத்து நான்கு வரிசை. ஒவ்வொரு எலியாகத் தடவி எழுதி முடித்தேன். பதினேழு: வலது, ஐந்து, அசைகிறது. இருபத்து நான்கு: ஒன்றுமில்லை. கீழே ஒரு வரிசை காலியாக இருந்தது. எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

அதில் எழுதினேன். 25: இடது, பதினாறு, கெட்டி, அசையவில்லை.

கை தவறி எழுதிவிட்டதாகத்தான் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். ஐந்து வாரமாக ஒரு கதை எழுதுகிறேன், அதை யார் படிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்தப் படிவத்தை டாக்டரம்மா எண் எண்ணாகப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நேர்மையான வரி, அதையும் ஓர் எலியின் பெயரில் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் படிவத்தோடு வந்து நின்றார்.

"இருபத்தஞ்சாவது எலி எங்க?"

ஒடொங்காரா குழாயை மூடினான். "இருபத்துநாலுதான டாக்டரம்மா இருக்கு. அண்ணே தூக்கத்துல எழுதியிருப்பாரு. அன்னிக்குக் கொன்ன பாவம், கணக்குல திரும்பி வருது."

"நீ கொஞ்சம் வெளிய இரு," என்றார் அவர்.

அவன் போனான். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். டாக்டரம்மா கையுறையை மாற்றிக்கொண்டு, எலிக்குச் செய்வதுபோலவே, இரண்டு விரலால், மெதுவாகத் தடவினார். பிறகு அக்குளில். அங்கே அதிக நேரம் தடவினார். எலியைப் பார்க்கும்போது அவர் வாய்க்குள் ஏதாவது முணுமுணுப்பது வழக்கம். முணுமுணுக்கவில்லை.

"எத்தன நாளா?"

"அந்தப் பத்தொன்பதையும் கொன்ன..." [முடிக்கவில்லை. அவர் சொல்லவும் விடவில்லை.]

"அதுதான் யோசனையா? சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க? கை தட்டியிருப்பேன்னா?"

ஆமாம் என்று சொல்ல முடியுமா? பொத்தான் போட்டுக்கொண்டேன். ஒன்றை மாற்றிப் போட்டேன்.

6

ஆஸ்பத்திரியில் கட்டியிலும் அக்குளிலும் ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள். பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளில் இந்தக் கதைக்குப் பல முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் அது வெறும் கொழுப்பு. வாலுசிம்பி வீட்டுக்கு வந்து ஒரு ஆட்டை அறுக்கிறான். ஊரே சிரிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். மோசமாக எழுதப்பட்டதும் இதுதான்.

இன்னொன்றில் வாலுசிம்பி இறந்துவிடுகிறான். இழவு வீட்டில் என்ன நோய் என்று கேட்கிறவர்களிடம் எல்லாரும் ஈரல் என்கிறார்கள். மார்பு என்று சொல்ல வெட்கம். இதை எழுதிவிட்டு அழுதேன், எழுத்து நன்றாக இருந்ததால் என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு வந்ததில் அவன் மனைவி

[அவளை வைத்து எந்த முடிவும் எழுத முடியவில்லை. பேச வைத்தால் அழுகிறாள். பேசவிடாவிட்டால் மட்டோக்கே சீவிக்கொண்டே இருக்கிறாள்.]

எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதத்தான் இந்தப் பகுதியைத் தொடங்கினேன். இதுபோன்ற கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் தன் நெஞ்சில் இருப்பதை வாசகர் தலையில் கட்டுகிறவன் எழுத்தாளனா? வாலுசிம்பியும் அதற்குத்தான் பிறந்தான், பாவம். அவனை அனுப்பிவிட்டேன். அவனுக்கு ஒன்றுமில்லை.

7

பதினோராம் நாள் டாக்டரம்மாவும் கூட வந்தார். சின்ன வயது அறுவை மருத்துவர், காகிதத்தைப் பார்த்தபடி வெகுநேரம் பேசினார். "கவனமெடுத்துப் பார்க்க வேண்டிய மாற்றம்" என்றார். "அடுத்தகட்டம் பற்றிப் பேசலாம்" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து, போடா-போடா எனும் வாடகை மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டரம்மா, இப்ப கதைல வர்ற ஒரு ஆளுக்கு..."

"கதைய விடுங்க, பெரியவரே."

ஓட்டுநர்கள் இருவர் எதற்கோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓயவில்லை. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை வேறு யாருடைய பெயரும் சேர்க்காமல் கேட்டேன்.

"எனக்கு என்ன? நான் பிழைப்பேனா?"

அவர் காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கேன்சர்தான். அக்குள்ல ஒரு முடிச்சுக்கும் போயிருக்கு, அதுக்கு மேல போயிருக்கான்னு இனிமேதான் பாக்கணும். அறுத்து எடுத்துருவாங்க, அப்புறம் வருஷக்கணக்குல மாத்திரை. இந்தக் கட்டத்துல வந்த நெறையப் பேர் நல்லா இருக்காங்க. நீங்க அதுல ஒருத்தரா இருப்பீங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாது, கிபிராங்கோ. யாருக்கும் தெரியாது. இதத்தான் இன்னிக்கு வீட்டுக்குப் போயி உங்க வீட்டம்மாகிட்ட, ஒரு வார்த்த கூட்டாம குறைக்காம, இப்படியே சொல்லணும்."